சத்தம் இல்லாத பிளேன்

ஜப்பான்காரன் ஆண்ட காலம், அவன் கடிகாரத்துல மணி எட்டரை. தோக்கியோ நேரம் லா அது... பினாங்குல அப்பதான் பொழுது சாயும். பாயான் லெப்பாஸ் ரோட்டுல ஈ காக்கா இல்ல. சைக்கிள் ஒண்ணு மட்டும் கடகடன்னு வருது. டயர் கிடைக்காத காலம், ரப்பர் குழாயை வெட்டிச் சுத்தியிருக்கு.

ஓட்டிட்டு வர்றது விநாசித்தம்பி. என் கூட்டாளி சற்குணத்தோட பெரியப்பா. யாழ்ப்பாணத்து ஆளு, ஏர்ஃபீல்டுல ரேடியோ வேலை. மேலேருந்து பிளேன்காரன் ஜப்பான் பாஷையில கேப்பான், 'இறங்கட்டுமா?' இவரு 'இறங்கு'ன்னாதான் இறங்கணும். 'பொறு'ன்னா சுத்திக்கிட்டே கிடக்கணும். கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்லாம விடக் கூடாது, அது தொழில் சட்டம்.

அன்னிக்கு இவருக்கு வயித்தெரிச்சல். குனிஞ்சு கும்பிட்டது பத்தலன்னு காலையில ஒரு சின்னப் பய, கிளைடர் பழகுறவன், எல்லார் முன்னாலயும் விட்டான் ஒரு அறை. உதடு கிழிஞ்சு போச்சு.

கிளைடர்னா பிளேன்தான், ஆனா எஞ்சின் கிடையாது. கயித்துல கட்டி மேல இழுத்து விட்டுருவாங்க, அப்புறம் காத்து விட்ட வழி. ரொம்ப நேரம் சுத்த முடியாது... தாழ்ந்தா தாழ்ந்ததுதான்.

வேலை முடியிற நேரத்துக்கு அதே பய குரல். 'இறங்கட்டுமா?'

பெரிய பிளேன் ஒண்ணு வருது, வாஸ்தவம். ஆனா அது இன்னும் தூரத்துல, வடக்க கெடா பக்கம். இவனை இறக்கி ஓரங்கட்ட நேரம் தாராளமா இருந்துச்சு. விநாசித்தம்பி உதட்டை நக்கிப் பாத்தாரு.

'பொறு.'

மறுபடி கேட்டான். 'பொறு.' அப்புறம் அழுதான்... அம்மாவைக் கூப்பிட்டான். இவரு பொறுன்னாரு. நல்லா இருந்துச்சாம் அவருக்கு. கடல் பக்கம் உய்ய்ய்ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். பெரிய பிளேனுக்கு வழி விடச் சொன்னேன்னு ஆபீசர்கிட்ட சொன்னாரு. அவனும் தலையாட்டிட்டான்.

அதுக்கப்புறம்தான் இந்த ரோடு. காதுல ரேடியோ ஹெட்ஃபோன் ஒண்ணும் மாட்டல. தலைக்கு மேல காத்து கிழியிற சத்தம்... கிளைடர் பலகைக்குப் பூசுற வார்னிஷ் வாசம்...

'இறங்கட்டுமா?'

தொழில் பழக்கம், வாய் தானா 'பொறு'ன்னுச்சு. சத்தம் நகந்து போயிருச்சு.

மறுநாளும் வந்துச்சு. தினமும் பொழுது சாய, வீட்டுக் கூரைக்கு மேல. இவரு 'பொறு'ம்பாரு, போயிரும். சொல்லலன்னா இறங்கிடும்னு அவருக்குத் தெரியும். பெண்டாட்டி அருந்ததிகிட்ட மூச்சு விடல.

சிரிக்காதீங்க லா, கேளுங்க.

ஒரு நாள் மலேரியாவுல விழுந்தாரு. குயினின் எங்க கிடைக்கும் அப்ப? நாக்கு ஒட்டிக்கிச்சு, பேச்சு வரல. அருந்ததி அடுப்படியில மரவள்ளிக்கிழங்கு அவிக்கிறா. உய்ய்ய்... மேல ஒரு குரல். நல்ல தமிழ்ல, பவ்யமா.

'அக்கா, இறங்கட்டுமா?'

கட்டில்ல இவரு கையைக் கையை ஆட்டுறாரு. வாய் திறக்குது, சத்தம் வரல.

வீடு தேடி வந்தவனை வெளிய நிக்க வைக்கிறவளா அவ? கிழங்கைப் பாத்துக்கிட்டே சொன்னா.

'ஓம் தம்பி, வாங்கோ.'

கூரையில ஒரு ஓலை அசையல. கொசுவலையில ஒரு நூல் அறுபடல. உள்ள விநாசித்தம்பி... மலை உச்சியிலேருந்து விழுந்தவன் மாதிரி. முழுசா ஒரு எலும்பு இல்லையாம்.

செத்த எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிஞ்ச மறுநாள், பொழுது சாயுது. மறுபடி கூரைக்கு மேல காத்துச் சத்தம். இந்தத் தடவை வேற குரல்.

'அருந்ததி... நான்தான். இறங்கட்டோ?'

அவ முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதா. அப்புறம் சொன்னா, 'பொறுங்கோ.'

சாகற வரைக்கும் தினமும் அதைச் சொன்னாளாம். முதல்ல கூரையப் பாத்துச் சொன்னா. அப்புறம் ஜன்னலப் பாத்து. கடைசிக் காலத்துல படுத்தபடியே, பக்கத்துத் தலகாணிப் பக்கம் திரும்பிச் சொன்னாளாம்.