வெள்ளிக்கிழமைக் கூண்டு

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் என் மனைவியும் சீட்டு விளையாடுவோம். அவள் போங்காட்டம் ஆடுவாள். தலையணைக்கு அடியில் ஒரு ராணியை ஒளித்து வைத்துக்கொண்டு, கடைசிச் சுற்றில் ஒன்றும் தெரியாதவள் போல எடுத்துப் போடுவாள். முப்பது வருடமாக எனக்குத் தெரியும். ஒரு நாளும் கையைப் பிடித்ததில்லை. வீட்டுக்குள் தோற்றால் என்ன குடி முழுகிவிடப் போகிறது? இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் பார்க்கிற பார்வையில், நான் கையில் பிரம்போடு பிறந்தவன் என்று நினைப்பது தெரிகிறது. அப்படி இல்லை அம்மா. விட்டுக்கொடுக்க எனக்கும் தெரியும்.

விசாரணையை என் வேலையிலிருந்து தொடங்கினீர்கள். பதினெட்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். தேர்வுக் கூடத்தில் பிட் அடிக்கிறவர்களைப் பிடிப்பதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பிள்ளைகள் என்னைக் 'கழுகு' என்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அதைக் கேள்விப்பட்டுத்தான் இந்த விளையாட்டு நிறுவனத்தார் என்னைக் கூப்பிட்டு நேர்மைப் பிரிவுக்குத் தலைவராக வைத்தார்கள். பாழடைந்த கோட்டைக்குள் ஒளிந்து ஒருவரையொருவர் சுடுகிற கணினி விளையாட்டு. ஆடுகிறவர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சுவருக்குப் பின்னால் இருப்பவன் கண்ணுக்குத் தெரியும்படி செய்கிற திருட்டு நிரல்கள் உண்டு. அதற்கு எங்கள் ஆபீசில் 'சுவர்க்கண்' என்று பெயர். அதைப் போட்டுக்கொண்டு ஆடுகிறவனைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

நான் வருவதற்கு முன்பு, பிடிபட்டவனின் கணக்கை மூடிவிடுவார்கள், அவ்வளவுதான். அவன் அன்று மாலையே வேறு பெயரில் வந்து உட்காருவான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. அதனால்தான் கூண்டு வந்தது. ஆமாம், என் யோசனைதான். கோட்டையின் நடு மைதானத்தில் ஒரு இரும்புக் கூண்டு. ஏமாற்றியவனின் உருவம் கைகட்டி அதற்குள் நிற்கும். தலைக்கு மேலே பலகையில் உண்மைப் பெயர், வயது, ஊர். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் திறப்போம். போகிறவர் வருகிறவர் எல்லாம் மண்ணை அள்ளி எறியலாம். மூன்று மாதம் நிற்க வேண்டும். ஒப்புதல் கடிதம் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் இறக்கிவிடுவோம்.

சின்னப் பிள்ளைகளை ஊர் நடுவே நிறுத்துவது நியாயமா என்று அப்போதே சிலர் கேட்டார்கள். நான் ஒரே ஒரு பதில்தான் சொன்னேன்: ஏமாந்தவனும் சின்னப் பிள்ளைதானே? ராத்திரி பகலாகப் பழகிவிட்டு ஒரு திருட்டுப் பயலிடம் தோற்று அழுகிறவனுக்கு யார் பதில் சொல்வது? எட்டே மாதத்தில் புகார்கள் பாதியாகக் குறைந்தன. கூண்டு திறக்கிற நேரத்தில் கூட்டம் மூன்று மடங்கானது. மேலதிகாரிகள் எனக்குக் கை கொடுத்தார்கள். இன்று அவர்களில் ஒருவரும் என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்வதில்லை, அது போகட்டும்.

எங்கள் வேலைமுறை எளிது. சந்தேகப்பட்ட ஆட்டத்தின் பதிவை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். முதல் நாற்காலி, இரண்டாம் நாற்காலி என்று சொல்வோம். இருவரும் 'குற்றம்' என்றால் கூண்டு. ஒத்துப்போகாவிட்டால் முடிவு என்னுடையது. பதிவை ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதுவும் நான் போட்ட விதிதான். பிள்ளைகள் ஆடும்போது கத்துவார்கள், அழுவார்கள், பின்னால் தம்பி தங்கை சண்டை போடும், அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள். இதையெல்லாம் கேட்டால் பார்க்கிறவனுக்கு மனசு இளகிப்போகும். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று ஆகிவிடும். திரையை மட்டும் பார், கை எங்கே போகிறது என்று பார், முடிவு சொல். இருநூற்றுப் பதின்மூன்று பேரை இப்படித்தான் முடிவு செய்தோம்.

இருநூற்றுப் பதினான்காவது அந்தப் பெண். விளையாட்டில் அவள் பெயர் மின்மினி. வயது பதினைந்து. உண்மைப் பெயரை நான் இங்கே சொல்லாமல் விடுவதால் அவளுக்கு ஒன்றும் கூடப்போவதில்லை. எட்டு லட்சம் பேர் ஏற்கெனவே படித்துவிட்டார்கள். ஒரே ஆட்டத்தில் பதினொரு முறை, ஆள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, அவள் துப்பாக்கி சரியான மூலைக்குத் திரும்பியிருந்தது. முதல் நாற்காலி 'குற்றம்' என்று எழுதிவிட்டான். இரண்டாம் நாற்காலியில் இருந்த பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது, வேலைக்கு வந்து ஐந்து மாதம். அவள் 'குற்றமில்லை' என்று எழுதி என் மேசைக்கு வந்தாள்.

"சார், ஹெட்போன் போட்டு ஒரு தடவை கேளுங்க. அந்தப் பொண்ணு பாத்து சுடல, கேட்டு சுடுறா."

"ஏம்மா, விதி என்னன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா விதியே தப்பா இருந்தா?"

பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற அறை. எல்லோரும் திரையைப் பார்ப்பது போல நடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் குரலை உயர்த்தவில்லை. ஐந்து மாதத்தில் விதியைத் திருத்துகிறவளுக்கு ஐந்து வருடத்தில் என் நாற்காலியே போதாதே என்றேன். சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போய் இடத்துக்குத் திரும்பினாள்.

அன்று வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு எல்லோரும் தேநீர் குடிக்கப் போன பிறகு நான் ஹெட்போனைப் போட்டுக் கேட்டேன்.

இதை நான் உங்களிடம் மறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காலடிச் சத்தம் கேட்டது. பலகையில் நடந்தால் ஒரு மாதிரி, சரளைக் கல்லில் நடந்தால் ஒரு மாதிரி. இடது காதில் தொடங்கி வலது காதுக்கு வரும். அது வருகிற பக்கமாக அவள் துப்பாக்கி திரும்பும். பதினொரு முறையும் அப்படித்தான். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. நடுவில் அவள் அம்மா எதற்கோ கூப்பிட்டாள். "இரும்மா, ஒருத்தன் படியேறி வர்றான்" என்றாள் அந்தப் பெண். திரையில் ஆளே இல்லை. நாலு நொடி கழித்துத்தான் அவன் தலை தெரிந்தது. உண்மையைச் சொன்னால், பிரமாதமான ஆட்டம். என் காலத்தில் எனக்கு இப்படி ஒரு மாணவி வாய்க்கவில்லை.

அவள் ஏமாற்றவில்லை என்று எனக்கு மூன்றரை மணிக்குத் தெரியும். ஆறு மணிக்குக் கூண்டு.

நீங்கள் இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். நிதானமாக யோசித்துப் பாருங்கள். இவளை விட்டுவிட்டால் ஏன் விட்டோம் என்று எழுத வேண்டும். காதால் கேட்டு ஆடினாள் என்று எழுத வேண்டும். அப்படியானால் முன்னே போன இருநூற்றுப் பதின்மூன்று பேரில் எத்தனை பேர் காதால் கேட்டு ஆடினார்கள்? ஒருவர் பதிவையும் நாங்கள் ஒலியோடு பார்த்ததில்லையே. ஒரு செங்கல்லை உருவினால் சுவரே சரியும். சுவர் சரிந்தால் நாளைக்குத் திருட்டுப் பயல்கள் எல்லாம் நான் நல்லவன், என்னையும் விடு என்று வரிசையில் நிற்பார்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு வாரத் தலைக்குனிவு ஒரு பக்கம். லட்சக்கணக்கான பிள்ளைகளின் நம்பிக்கை இன்னொரு பக்கம். நான் கணக்கு வாத்தியார். கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

பதிவைத் தொண்ணூறு நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதை நான்கு மணிக்கு அழித்தேன். ஒலியில்லாத பிரதியையும் சேர்த்துத்தான். இரண்டாம் நாற்காலியின் குறிப்பில் இருந்த 'இல்லை'யை எடுத்துவிட்டேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து தேநீர் குடித்தேன். ஆறியிருந்தது.

திங்கட்கிழமை தாயும் மகளும் ஆபீசுக்கு வந்தார்கள். தாய் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள். வெந்நீரில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெளுத்திருந்தன. மகளைப் பார்த்தால் பதினைந்து சொல்ல முடியாது, பன்னிரண்டு சொல்லலாம். உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

"சார், இவ பண்ணலேன்னு சொல்றா. எம்பொண்ணு பொய் சொல்ல மாட்டா சார்."

"எல்லா அம்மாவும் இதையேதாம்மா சொல்றாங்க."

"இவளுக்குச் சின்ன வயசுல இருந்தே இடது கண்ணு சரியாத் தெரியாது சார். காதுதான் இவளுக்குக் கண்ணு. தெருமுனையில நான் வர்றப்பவே செருப்புச் சத்தத்தை வச்சுக் கதவைத் திறந்துடுவா. அதை வச்சுத்தான் ஆடுறா. வேணும்னா இப்பவே ஆடிக் காட்டச் சொல்லுங்க சார்."

கேட்டுக்கொண்டேன். நாலு சுவருக்குள் நான் மூடி வைத்திருந்ததை, அந்த அம்மாள் ஒரு மூச்சில் என் மேசைமேல் கொட்டிவிட்டாள். புதிதாக ஆடிக் காட்டுவது விதியில் இல்லை என்றேன்.

அப்போதுதான் அவசரம் என்னவென்று சொன்னாள். விளையாட்டுப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றில் மகளுக்கு இடம் கிடைத்திருந்தது. படிப்பு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. வியாழக்கிழமை சேர வேண்டும். கூண்டைப் பார்த்துவிட்டு அவர்கள் விளக்கம் கேட்டிருந்தார்கள். "அந்தக் கூண்டு போட்ட அதே பக்கத்துல, இவ பண்ணலேன்னு ஒரே ஒரு வரி போடுங்க சார். வேற ஒண்ணும் வேண்டாம்."

"மடியில கனமில்லேன்னா வழியில பயமில்லைம்மா," என்றேன். ஆமாம், அதைத்தான் சொன்னேன். பிறகு ஒப்புதல் கடிதத்தைப் பற்றி எடுத்துச் சொன்னேன். எழுதிக் கொடுத்தால் வெள்ளிக்கிழமை இறக்கிவிடலாம். திருந்திய பிள்ளை என்று பள்ளிக்காரர்கள் மனம் இரங்கலாம். எழுதாவிட்டால் மூன்று மாதம். நான் மிரட்டவில்லை. விதியைப் படித்துக் காட்டினேன்.

தாய் மகளைப் பார்த்தாள். மகள் தாயின் கையைப் பார்த்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

"நான் என்ன பண்ணேன்னு எழுதணும் சார்?"

சொன்னேன். சுவர்க்கண் என்ற பெயரையே அவள் கேள்விப்பட்டதில்லை. எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. எந்தத் தேதியில் போட்டேன் என்று எழுதட்டும் என்று கேட்டாள். ஆட்டத்துக்கு முந்தின நாள் என்று எழுதச் சொன்னேன். அழகான கையெழுத்து. அடித்தல் திருத்தல் இல்லை. கடைசியில் 'இனிமேல் செய்ய மாட்டேன்' என்று நான் சொல்லாமலே அவளாக எழுதினாள்.

அந்தக் கடிதத்தை அன்று மாலையே கூண்டின் பலகையில் போட்டோம். அதுவும் நடைமுறைதான். வாக்குக் கொடுத்தபடி வெள்ளிக்கிழமை இறக்கிவிட்டேன். விடுதிப் பள்ளி புதன்கிழமையே இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டது. ஒப்புக்கொண்டவளை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டார்களாம். இருந்த பள்ளியில் வகுப்புக்குள் நுழைந்தாலே பையன்கள் பை நிறைய மண் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்களாம். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். இப்போது தாயோடு சலவைப் பிரிவில் துணி மடிக்கிறாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாதாம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டுமாம். கேட்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஒரு வாரத்தில் எட்டு லட்சம் பேர் மண் எறிந்தார்கள். ஒருவன் கையைக்கூட நீங்கள் பிடித்து இழுத்து வந்து இந்த நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. கூட்டத்தைக் காட்டி விளம்பரம் பிடித்தவர்கள் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறார்கள். கூண்டு என்றால் உள்ளே ஒருவர்தான் நிற்க முடியும் போலிருக்கிறது.

இரண்டாம் நாற்காலிப் பெண் வேலையை விட்டுவிட்டு ஏழு மாதம் கழித்துப் புகார் கொடுத்தாள். நல்ல பெண். ஆனால் அவளிடம் இருப்பது சொந்த நோட்டில் எழுதிய நேரக் குறிப்பு மட்டும்தான். பதிவு இல்லாமல் அதை யார் நம்புவார்கள்? அதனால்தான் நான் வாய் திறந்தால்தான் உண்டு என்று நீங்கள் இரண்டு நாளாக என்னோடு மல்லுக்கட்டுகிறீர்கள். திறந்துவிட்டேன். கேட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அழித்தேன், திருத்தினேன், வாசகம் சொல்லிக் கொடுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு வருகிறது வரட்டும்.

கடைசிப் பக்கத்தில் நீங்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிற அந்த ஒற்றை வரியில் மட்டும் என்னால் கையெழுத்துப் போட முடியாது. 'அந்தச் சிறுமி எந்தக் குற்றமும் செய்யவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஓய்வூதியமோ மானமோ இனி இல்லை, அதற்காகப் பயந்து சொல்லவில்லை. பதினெட்டு வருடம் தேர்வுக் கூடத்தில் நின்றவன் நான். பிள்ளைகளை எனக்குத் தெரியும். கதவு திறந்துதான் இருந்தது, தாய் பக்கத்திலேயே இருந்தாள், ஒருவரும் அவள் மேல் கை வைக்கவில்லை. அவளாகத்தானே பேனாவை எடுத்தாள். செய்யாத பிள்ளையாக இருந்தால், இனிமேல் செய்ய மாட்டேன் என்று ஏன் எழுதப்போகிறது?