முதல் வாய் சோற்றோடு ஒரு மாத்திரை

மேடையில் வீற்றிருக்கும் மருந்து வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களே, தாயை இழந்து நிற்கும் மகள் ஷீபா அவர்களே, கோட்டைப்பட்டினத்துப் பெருமக்களே! அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மறைந்த மருந்தாளுநர் அடைக்கலமேரி அம்மையாரோடு ஒரே மருந்துக்கடையில் பத்தொன்பது ஆண்டு வேலை பார்த்தவன் நான், சாதிக் பாட்சா. அம்மையாரின் பொறுமையைப் பற்றிப் பலரும் பேசிவிட்டீர்கள். நான் என் தவறைப் பற்றித்தான் பேசவேண்டும்.

விசைப்படகு ஹாஜா முகைதீன் அண்ணன் இதோ முன்வரிசையில் இருக்கிறார். கணையம் வீங்கி மதுரை ஆஸ்பத்திரியில் படுத்தெழுந்து வந்தவர். அதன்பிறகு தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை, எண்ணெய் மிதக்கக் கழிந்தது. ஆள் பாதியாகிவிட்டார். கணையம் சுரக்காத நொதியை மாத்திரையாக டாக்டர் எழுதிக்கொடுத்தார். முதல் வாய் சோற்றோடு விழுங்கவேண்டும். இரண்டே மாதத்தில் கன்னத்தில் சதை வைத்தது.

அந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. எனக்குத் தெரியும். நானும் முஸ்லிம்தானே, சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னால் நிறுத்திவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன். அதை இரக்கம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அம்மையார் கேட்டார்: “அவருக்கு இது தெரியுமா பாய்?”

“தெரியாதுங்க. தெரிஞ்சா சாப்பிட மாட்டாரு.”

“முழுங்குறது அவரு. மறைக்கிறதுக்கு நாம யாருங்க?”

அன்று மதியமே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். என் பெயரைச் சொன்னாரா? இல்லை. “எங்க கடையில சொல்லாம விட்டுட்டோம், மன்னிச்சிருங்க” என்றார்.

அண்ணன் மாத்திரையை நிறுத்தினார். மறுபடி மெலிந்தார். “தேறி வந்த மனுசனைக் கெடுத்துட்டீங்களே மேரிம்மா” என்று நான் கோபப்பட்டேன். அம்மையார், வேறு மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேட்டார், இல்லையென்று எழுதி வாங்கினார், அண்ணன் மனைவி சம்சுன் நிஹாரை அழைத்துக்கொண்டு ஹஜ்ரத்தைப் பார்த்தார். “உயிரைக் காப்பாத்த வேற வழியில்லேன்னா மார்க்கம் தடுக்காது” என்றார்கள் ஹஜ்ரத். பதினொன்றாம் நாள், எல்லாம் தெரிந்தே, அண்ணன் கடைக்கு வந்து தானே அதைக் கேட்டு வாங்கினார்.

அண்ணே, அன்றைக்கு உங்களிடம் மறைத்தது கடையல்ல, நான். அம்மையார் சாகும்வரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இந்தச் சபையில் நானே சொல்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

இனி எங்கள் கடைக்கு வருகிறவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டுத்தான் மருந்தைக் கையில் கொடுப்பேன். அம்மையார் நின்ற இடத்தில் நின்று கொடுப்பேன்.