நடுவில் சில நாட்கள்

சாட் பண்ணக் கற்றுக்கொள்வது பெரிய வித்தை இல்லை. போன் நம்பரைப் போட வேண்டும். மெசேஜில் வருகிற எண்ணை அடிக்க வேண்டும். பெயர் எழுதி ஒரு போட்டோ வைக்க வேண்டும். அப்புறம் ஒரு ‘ஹாய்’, அவ்வளவுதான். மதுமதிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். நடந்ததை முதலிலிருந்து எழுதச் சொன்னீர்கள் மேடம். முதல் அதுதான்.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கும் அவளுக்கும் ஒரே செக்கிங் டேபிள். தைத்து வருகிற டி-ஷர்ட்டை விரித்துப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவோம். சித்ரகலா ஒதுக்கினால் மறுபேச்சு இல்லை என்று சூப்பர்வைசரே என்னைப் பற்றிச் சொல்வார். மதுமதி சாமளாபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண், என்னைவிட ரொம்பச் சின்னவள். பஞ்சுத் தூசி ஆகாது, மூச்சிழுப்பு வந்துவிடும். ஒரு நீல நிற இன்ஹேலரை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பாள். வரிசையாக அறைகள் கட்டிய லைன் வீட்டில் இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தோம். இருமினால் எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுத்ததும் நான்தான். அதை யாரும் மறுக்க முடியாது.

எம்ப்ராய்டரி மெஷின் மாட்டுவதற்காக வேல்குமார் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். டீ டைமில் எங்கள் டேபிள் பக்கம் வந்து நிற்பார். என்னிடம்தான் அதிகம் பேசுவார். எனக்குத் தாராபுரம் என்றதும், ஆற்றில் இப்போது தண்ணீர் ஓடுகிறதா என்று கேட்டார். அப்படியெல்லாம் என்னை யாரும் கேட்டதில்லை. மெஷின் மாட்டும் வேலைக்காக அவருடைய கம்பெனி அவரை ஒரு வருடம் பங்களாதேஷுக்கு அனுப்பியது. கிளம்பும் அன்று நான் புதுப் புடவை கட்டிப் போனேன். அவர் நம்பரை எழுதி மதுமதியின் கையில் கொடுத்தார்.

அவளுக்கு அதுவரை பட்டன் போன்தான். புதுப் போன் வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

“ஏனுங்க்கா, இதுல எப்படிப் பேசறதுங்க? எனக்குத் தமிழ்ல அடிக்க வரலீங்க.”

“கொண்டா கண்ணு, நான் அடிக்கிறேன்” என்றேன்.

அவள் சொல்வதை அப்படியே அடித்தால் ‘சாப்டீங்களா’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எத்தனை நாளைக்கு ஒரு ஆண் அதற்குப் பதில் போடுவார்? அதனால் நான் எழுதினேன். தகர ஷீட்டில் மழை பெய்கிற சத்தத்தை எழுதினேன். அவர் மாட்டிய மெஷின் ஓடத் தொடங்கினால் தலை தானாக நிமிர்கிறது என்று எழுதினேன். அவரும் நீள நீளமாகப் பதில் போட்டார். மதுமதி படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். “இது நானாட்டமே இல்லீங்க்கா” என்பாள். உண்மைதான். அது அவள் இல்லை. போட்டோ மட்டும் அவளுடையது.

ஆறு மாதம் போல அப்படி ஓடியது. நான் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. வேலை முடிந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் போனைத்தான் கேட்பேன்.

ஒரு நாள் அவள் போனைத் தரவில்லை.

“இனி நானே அடிச்சுக்கிறேனுங்க்கா. பழகிட்டேன். பாவம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

அவள் குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தேன். ‘இன்னிக்கு பஞ்சு அதிகம். மூச்சு வாங்குது. நீங்க பக்கத்துல இருந்தா தேவலாம்’ என்று எழுதியிருந்தாள். ஒரு அழகும் இல்லாத மூன்று வரி. அதற்கு அவர் போட்டிருந்த பதில்: ‘இத்தனை நாள்ல இன்னைக்குத்தான் மது, நீ பேசற மாதிரி இருக்கு. வந்ததும் உங்க ஊட்டுல வந்து பொண்ணு கேட்கறேன்.’

பொறாமையா என்று கேட்டீர்கள். ஆமாம். வயிறு எரிந்தது. என் எழுத்தை எல்லாம் படித்தவர் இந்த மூன்று வரிக்கு மயங்கினால் எப்படி இருக்கும்? நல்ல பீஸை ஒதுக்கிவிட்டு ஓட்டைப் பீஸைப் பெட்டியில் வைத்த மாதிரி இருந்தது. அவள் சிரித்தாலும் பிடிக்கவில்லை, இருமினாலும் பிடிக்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லைன் வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அறையைச் சுத்தம் செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். பழைய தலையணைகளைப் பிரித்துப் பஞ்சை உதறினேன். வெயில் அடிக்கிறதே என்று ஜன்னலைச் சாத்தியிருந்தேன். அவள் இருமத் தொடங்கினாள். பையில் தேடினாள், பாய்க்கு அடியில் தேடினாள். பிறகு, சுத்தம் செய்யும்போது நான் எடுத்துக் கையில் வைத்திருந்த அவளுடைய போனைக் காட்டினாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அந்த நேரம் பார்த்து அவரிடமிருந்து ‘என்ன பண்ற?’ என்று வந்தது. பதில் போடாமல் விட்டால் அவர் கவலைப்படுவார். ‘ரூம் கிளீன் பண்றோம். உங்க ஞாபகமாவே இருக்கு’ என்று அடித்து அனுப்பினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் கை என் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது. விரல்களைப் பிரித்துவிட்டுத்தான் வெளியே ஓடிக் கத்தினேன்.

இன்ஹேலர் எங்கே என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். என் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. காலையிலேயே நான்தான் எடுத்து வைத்தேன்.

பழைய வியாதி என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய அப்பா தண்டாயுதபாணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசி வரைக்கும் கூட இருந்தியே கண்ணு” என்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை. அவளுடைய போனை என்னுடையது என்றேன். அவர் நம்பினார்.

வேல்குமாரிடம் மட்டும் அவள் இறந்ததைச் சொல்ல மனம் வரவில்லை. கண் காணாத ஊரில் தனியாக இருக்கிற மனிதர், உடைந்துபோவார். அதனால் தினமும் எழுதினேன். போன் செய்தால் எடுக்கவில்லை. மூச்சிழுப்பு அதிகமாகிவிட்டது, டாக்டர் பேசக் கூடாது என்றிருக்கிறார் என்று எழுதினேன். வேலை முடிந்து ஊர் திரும்பியவர் நேராகக் கம்பெனி கேட்டுக்கு வந்து மதுமதியைக் கேட்டிருக்கிறார். அவள் இறந்துபோன விஷயத்தை வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். முந்தின நாள் காலைகூட அவளிடமிருந்து ‘குட் மார்னிங்’ வந்ததே என்றுதானே அவர் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தார்.

நேற்று நீங்கள் ஒன்று சொன்னீர்கள். ‘ஆரம்பத்தில் பேசியவளும் கடைசியில் பேசியவளும் ஒருத்திதான், நடுவில் சில நாட்கள் மட்டும்தான் என் மது’ என்று சொல்லி அவர் அழுதாராம். அவர் ஏன் அழுதார் என்று உங்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிகிறது. ஒரு வருடத்தில் சில நாட்கள் அவர் வேறொருத்தியிடம் பேசிவிட்டார், அது உறுத்துகிறது. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள் மேடம்.