இருபத்திமூணு கேள்விக்கு ஒரே கோடு

...இரும்பு நாற்காலி சார், இரும்பு! எலும்பு தேஞ்சு போன பட்டாளத்துக்காரங்கதான் இங்க வந்து உக்காரப் போறாங்கன்னு தெரியும்ல? வாசல்ல இத்தாம் பெரிய போர்டு மாட்டியிருக்கான், ஊன உதவி முறையீட்டுக் குழுன்னு. போர்டு எழுதத் தெரிஞ்சவனுக்கு ஒரு மெத்தை வாங்கிப் போட மனசு வரல. காலையிலேர்ந்து இதுல உக்காந்தா, உள்ள போறப்போ வியாதி கொஞ்சம் கூடித்தான் போகும். ஒருவேளை நம்ம நல்லதுக்குத்தான் போட்டிருக்கானோ என்னவோ!

நீங்க எத்தனாவது தடவை? மொத தடவையா! அதான்... இடுப்பு பெல்ட்டெல்லாம் கட்டிக்கிட்டு, ஃபைல நெஞ்சோட அணைச்சுக்கிட்டு தெம்பா உக்காந்திருக்கீங்க. எனக்கு இது மூணாவது. கடைசியும் இதான். இன்னைக்கும் இல்லன்னுட்டா அதுக்கு மேல போக எடமில்லையாம். கடுதாசியிலயே போட்டிருக்கான். ரொம்ப மரியாதையா, 'தங்கள்' 'தாங்கள்'னு.

எனக்கு எப்படி ஒடைஞ்சதுன்னு கேளுங்களேன். கேக்கலன்னாலும் சொல்லத்தான் போறேன். தும்மினேன் சார்! குண்டு பாயல, கண்ணிவெடி வெடிக்கல. வீட்ல அலமாரி மேல தூசி தட்டினேன், மூக்குல ஏறிச்சு, ஒரே ஒரு தும்மல்... ரெண்டு விலா எலும்பு போச்சு. ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் பொண்ணு, 'எப்படிங்க அடிபட்டுச்சு?'ன்னு கேக்குது. தும்மினேம்மாங்கறேன். அது என்ன நம்பாம என் வீட்டுக்காரிய ஒரு பார்வை பாக்குது பாருங்க... இவ அடிச்சிருப்பாளோன்னு! அவ வெலவெலத்துப் போயிட்டா. 'நான் ஒண்ணும் பண்ணலம்மா, இவரு சும்மாதான் நின்னாரு'ங்கறா.

அப்புறம் படம் எடுத்துப் பாத்தா எலும்பெல்லாம் ரஸ்க் மாதிரி இருக்காம். என் மச்சினன் ஒருத்தன் இருக்கான், எழவு வீட்லயும் சிரிப்பான், 'மாமா, அது வயசான பொம்பளைங்களுக்கு வர்றதாச்சே'ங்கறான். பட்டாளத்துல இருந்தவனப் பாத்துச் சொல்ற பேச்சா இது? ஒண்ணு விட்டிருப்பேன். கை ஒடைஞ்சிரும்னு விட்டுட்டேன். என் கைதான்!

இதக் கேளுங்க, இது இன்னும் வேடிக்க. பட்டாளத்து ஃபைல்ல என் உயரம் அஞ்சடி ஒம்பது அங்குலம். இப்போ அஞ்சடி அஞ்சுதான். முதுகெலும்பெல்லாம் நசுங்கி ஒண்ணுமேல ஒண்ணு உக்காந்துடுச்சு. மொத தடவை வந்தப்போ அந்தக் கவுண்ட்டர்ல ஒருத்தன் இருந்தான். ஃபைலப் பாக்கறான், என்னப் பாக்கறான், மறுபடி ஃபைலப் பாக்கறான். 'இந்த ஆள் வரலையா?'ங்கறான். நாந்தாம்பா அந்த ஆளுங்கறேன். 'உயரம் பொருந்தலியே'ங்கறான். அட, கொறஞ்சு போனதுதாம்பா வியாதியே! அதுக்கு அவன், 'அப்படின்னா கொறஞ்சதுக்கு ஒரு சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க'ன்னான். வாங்கிட்டு வந்தேனே! இதோ இருக்கு... இந்தக் கட்டுல எங்கயோ இருக்கு. சரி, விடுங்க.

அவ ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கா, என் வீட்டுக்காரி. கீழ தெருமுனைக் கடைக்கு. இத்தனூண்டு உருவம் சார் அவ. தெனம் காலையில கட்டில்லேர்ந்து என்ன எழுப்பி உக்கார வைக்கறது அவதான். அக்குள்ல கை குடுத்துத் தூக்குவா. போன மாசம் மணிக்கட்டு பிசகிடுச்சு. கட்டுப் போட்டுக்கிட்டு இன்னொரு கையால தூக்கறா. நான் அவளத் திட்டிக்கிட்டேதான் எந்திரிப்பேன். திட்டலன்னா அழுதுருவேன் சார், அதான். இந்த உதவி மட்டும் கெடைச்சா காலையிலயும் சாயந்தரமும் வீட்டுக்கு ஒரு ஆள் அனுப்புவாங்களாம், தூக்கி உக்கார வைக்க, குளிப்பாட்ட. அவ கை தப்பிச்சுரும். அதுக்குத்தான் மூணு தடவையா படியேறிக்கிட்டிருக்கேன். லிஃப்ட்டும் வேல செய்யல, பாத்தீங்கள்ல?

என்ன சொல்லித் தள்ளுபடி பண்றாங்கங்கறீங்களா? 'பணியினால் ஏற்பட்டதல்ல'! ஏழு வருஷம் முதுகுல முப்பத்தஞ்சு கிலோ மூட்டையக் கட்டிக்கிட்டு மேடு பள்ளம்னு பாக்காம நடந்திருக்கேன். பாத எலும்பு கீறல் விட்டு ஆறு வாரம் மாவுக்கட்டு. அப்புறம் தூசி இருமல்னு சொல்லி மாசக்கணக்குல ஒரு வெள்ளை மாத்திரை குடுத்தாங்க. அந்த மாத்திரைதான் எலும்ப அரிச்சிருக்குன்னு இப்போ டாக்டரே சொல்றாரு. இதெல்லாம் கேம்ப் மெடிக்கல் ரூம் நோட்டுல இருந்துச்சு சார். அந்த நோட்டு எங்கன்னு கேளுங்க... வெள்ளத்துல போயிடுச்சாம்! என் மாவுக்கட்டு போச்சு, மாத்திரை போச்சு, இருமலும் போச்சு. ஆனா பாருங்க, ஒரே ஒரு தாள் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி படாம ஹெட் ஆபீஸ்ல பத்திரமா இருந்திருக்கு. வீட்டுக்கு அனுப்பறப்போ எழுதற மெடிக்கல் ஃபார்ம்.

இருபத்திமூணு கேள்வி. எலும்பு முறிஞ்சிருக்கா, முதுகுல வலி உண்டா, தொடர்ந்து மாத்திரை சாப்ட்டதுண்டா... பக்கத்துல ஆமாக்கு ஒரு கட்டம், இல்லைக்கு ஒரு கட்டம். என் தாள்ல இருபத்திமூணுக்கும் இல்லை. ஒவ்வொண்ணா டிக் அடிக்கல சார், மேலேர்ந்து கீழ வரைக்கும் ஸ்கேல் வச்சு ஒரே கோடு! குழுத் தலைவரு அதத் தூக்கி வெளிச்சத்துல காட்டி, 'கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே?'ன்னாரு. ஆமாங்க. 'அப்ப இந்தக் கோடு?' அது எந்தக் கிளார்க்கு போட்டானோ, எனக்குத் தெரியாதுங்கன்னேன். ரெண்டு தடவையும் அதத்தான் சொன்னேன். எழுதியும் குடுத்தேன்.

இந்தக் கிளார்க்குங்க பொழப்பே இப்படித்தான் சார். கேள்விய வாய்விட்டுப் படிக்கணும், அவன் சொல்ற பதில எழுதணும், அதுக்குத்தானே சம்பளம்? ஸ்கேல் எடுத்தா ஆச்சா? மனுஷன் ஒடம்பு என்ன, கணக்கு நோட்டா கோடு போட்டு முடிக்க...

என்னது? ஒங்க தாள்லயும் அப்படியா? கோடா? குடுங்க, குடுங்க பாப்போம். இருங்க, கண்ணாடி... இந்தப் பையில... ம். இதோ.

...

ம்.

இந்த ஃபேன் பாருங்க, சத்தம்தான் வருது, காத்தக் காணோம். ஆமா... எந்த கேம்ப்ல இருந்தீங்க? மலையடிவாரத்துல, தகரக் கூரை போட்டதா? ஓ. சிக்னல் பிரிவா. கம்பிச் சுருள முதுகுல போட்டுக்கிட்டு ஓடுவீங்களே, நீங்கதானா? அப்ப எனக்கு நீங்க தம்பி முறையாச்சு. தெரியாம சார் சார்னுக்கிட்டு இருந்திருக்கேன்.

தம்பி, இங்க பாருங்க. கோடு முடியற எடத்துல சின்னதா ஒரு கொக்கி மாதிரி வளைஞ்சிருக்குல்ல? என் தாள்லயும் இருக்கு. ஸ்கேல் மொனை கொஞ்சம் செதஞ்சிருக்கும், பேனா அங்க வந்ததும் வழுக்கும். எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா?

அந்த ஸ்கேல் என்னோடது தம்பி.

கால் கீறல் விட்டதுக்கப்புறம் லேசான வேலைன்னு மெடிக்கல் ரூம்ல கிளார்க்கா உக்கார வச்சாங்க. வீட்டுக்கு அனுப்பற ஆளுங்க நூத்தி நாப்பது பேரு, வியாழக்கிழமை மத்தியானம் லாரி. ஒரு கேள்விக்கு 'ஆமா'ன்னு வந்தாலும் ஆள நிறுத்தி வச்சு, மூணு வாரம் எக்ஸ்ரே அது இதுன்னு இழுப்பாங்க. யாருக்கு மனசு வரும்? எல்லாரும் வெறும் ஃபார்ம்ல கையெழுத்தப் போட்டுட்டு, 'அண்ணே, எப்படியாவது லாரி ஏத்தி விட்ருங்க'ன்னு என் கையப் புடிச்சாங்க. நீங்களும் புடிச்சிருப்பீங்க. ரெண்டு நாள் வேலைய முக்கா மணி நேரத்துல முடிச்சேன். ஒரு அடித்தல் திருத்தல் இல்லன்னு மேஜர் தோள்ல தட்டிக் குடுத்தாரு. பசங்க என்னத் தோள்ல தூக்கி வச்சு மைதானத்தச் சுத்தினாங்க. என் தாளக் கடைசியா வச்சிருந்தேன். அதுல கோடு போடறப்போ கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது தம்பி. இருந்தாலும் போட்டேன். என் பொண்ணு பொறந்து பதினோரு நாளு, மொகங்கூட பாக்கல.

இப்படிப் பாக்காதீங்க. ஆமா, ரெண்டு தடவையும் பொய்தான் சொன்னேன். நாந்தான்னு ஒத்துக்கிட்டா, பொய் ஃபார்ம் எழுதினவன்னு வர்ற பென்ஷனுக்கும் வேட்டு வச்சுருவாங்களோன்னு பயம். அது ஒண்ணு. இன்னொண்ணு... அவளுக்குத் தெரியாது. தெனம் காலையில என்னத் தூக்கறப்போ, 'அந்தக் கோடு போட்ட பாவி நல்லா இருப்பானா'ன்னு சொல்லிச் சொல்லித்தான் தூக்குவா. அவ கையிலயே தொங்கிக்கிட்டு நானும் 'இருக்க மாட்டான், இருக்க மாட்டான்'னுவேன். என் தாளு ஒண்ணுன்னா என் தலையெழுத்துன்னு விட்ருப்பேன் தம்பி. நூத்தி நாப்பது பேரு இருக்காங்களே. எத்தன பேரு எந்த ஊர்ல எந்த நாற்காலியில உக்காந்து, 'தெரியாதுங்க, தெரியாதுங்க'ன்னுக்கிட்டிருக்காங்களோ...

நாப்பத்தாறா? ஒங்க நம்பர்தான். கூப்பிடறாங்க. இந்தாங்க ஃபைலு. இப்படிப் புடுங்கிட்டுப் போறீங்க... சரி, போங்க, அது ஒங்க உரிமை. தம்பி! ஒரு நிமிஷம்! தலைவரு அந்தத் தாளத் தூக்கிக் காட்டி, கோடு யாரு போட்டதுன்னு கேப்பாரு. என்ன மாதிரி தெரியாதுன்னு சொல்லிடாதீங்க. போட்டவன் வெளிய உக்காந்திருக்கான்னு சொல்லுங்க. கூப்பிட்டா வந்து எழுதிக் குடுப்பான்னு சொல்லுங்க. கதவ மட்டும் சாத்திட வேணாம்னு சொல்லுங்க தம்பி. நான் எந்திரிக்கணும்னா அவ வந்து தூக்கணும். அவ கையக் குடுக்கறதுக்கு முன்னாடி அவகிட்ட சொல்லியாகணும்.

அதுக்குத்தான் கொஞ்சம் நேரமாகும்.