கட்டைமீனுக்குப் பூசிய சிவப்பு

— சோறு இருக்கட்டும் ரோஜா. அந்தச் செவப்பு எங்கன இருந்து போச்சுன்னு மட்டும் சொல்லு.

— எந்தச் செவப்புங்க? வேலை விட்டு வந்ததுலருந்து மொகத்தத் தூக்கி வச்சிருக்கீக.

— சீனிச்சாமி வச்சிருக்கானே, தூண்டில்ல கட்டுற கட்டைமீனு. அது வாயில பூசியிருக்க செவப்பு. டீக்கடை பெஞ்சுல வச்சு ஊருக்கே காட்டிக்கிட்டு இருக்கான்.

— அண்ணன் எந்தக் கடையிலயாச்சும் வாங்கிப் பூசியிருப்பாரு.

— ஏ, யாருகிட்ட? காலண்டர் அடிக்கிற பிரஸ்ல மை கலக்குறவன் நான். அம்மன் சேலைக்கு ஒரு செவப்பு, நெத்திக் குங்குமத்துக்கு ஒரு செவப்புன்னு பிரிச்சு வைக்கிறவன். அது தீவாளிக்கு நான் உனக்கு வாங்கிக் குடுத்த நகப்பாலிஷ். இல்லன்னு சொல்லு பாப்போம்.

— சரி, என்னோடதுதான். இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?

— முழுகாம? ஊரான் தூண்டிலுக்கு என் பொண்டாட்டி பூச்சு வேலை பாத்துக் குடுத்திருக்கா. அவன் அதை வச்சு முழங்கை நீளத்துக்கு விரால் புடிச்சிருக்கான். இல்ல, தெரியாமத்தான் கேக்கேன், எனக்கு ஏன் பூசிக் குடுக்கல?

— ஏன் சாமி, பூசுனதே உங்களுக்குத்தானே! முதலாளி மகன் சிங்கப்பூர்ல வாங்குன பொய்மீனைக் காட்டுனாருன்னு வாயப் பொளந்துக்கிட்டு வந்தீக. அதை வாங்க நமக்கு ஏது வக்கு, நம்மளே செஞ்சிருவோம்னு கல்யாண முருங்கைக் கட்டையை வச்சுச் செதுக்குனீக. கோணிப் போச்சுன்னு நீங்க ஒதுக்குன ஒண்ணை எடுத்துத்தான் நான் செஞ்சேன். வயித்துல வெடிக்குச் சுத்துற ஜிகினாத் தாளை ஒட்டி, முதுகுல அடுப்புக்கரியைத் தேச்சு, வாய்க்குப் பாலிஷ் வச்சு, கட்டிலுக்கு அடிச்ச வார்னிஷ் மிச்சத்தை மேல ஒரு இழுப்பு இழுத்தேன்.

— அது மீனு மாதிரியா இருந்துச்சு? கோமாளி வேசம் கட்டுன மாதிரியில்ல இருந்துச்சு.

— இதைத்தான் அன்னிக்கும் சொன்னீக. பொம்பள பூசுனதை எவன் தூண்டில்ல கட்டுவான், அடுப்புல போடுன்னீக.

— என்னோடதப் பாத்தயில்ல? ஒவ்வொரு செதிலும் தனித்தனியா. நீலத்துமேல மஞ்சளை ஏத்தி, வாலுக்கு ஒரு பச்சை. உசுரு இருக்க மாதிரியே இருந்துச்சு.

— இருந்துச்சு. பிரஸ்ல டப்பா அடியில சொரண்டிக்கிட்டு வந்த அச்சு மை. காகிதத்துல ஊறிரும், கட்டையில எப்பிடிக் காயும்? கொடியில தொங்கவிட்டு நாளெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தீக. கடைசியில பக்கத்துல காயப்போட்ட என் தலகாணி உறை பூராம் செதிலு. கண்மாய்ல போட்ட ஒடனே உங்க மீனு வெறுங்கட்டையாப் போச்சு, கலரெல்லாம் தண்ணிமேல மெதந்துச்சு.

— சிரிக்காத.

— சிரிக்கலங்க.

— சிரிக்கிற. டீக்கடையிலயும் இப்பிடித்தான் சிரிச்சானுக. மாரிக்கண்ணன் மீனுக்கு காலண்டர் அடிக்கான், சீனிச்சாமி மீனு புடிக்கான்னு. எனக்கு வயிறு எரியுது ரோஜா. உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. அவன் நல்ல மனுசன்தான், அவனுக்கு ஒண்ணுன்னா மொத ஆளா நான்தான் நிப்பேன். ஆனா அந்த விராலைத் தூக்கிக்கிட்டு தெருவுல வந்தான் பாரு, என்னால கண்கொண்டு பாக்க முடியல. ஞாயித்துக்கெழம தவறாம கரையில தவம் கெடக்குறவன் நான். அவனுக்கு என்ன தெரியும்?

— ஒண்ணுந் தெரியாது. தூண்டில ஒழுங்கா வீசக்கூட வராது அவருக்கு.

— அப்புறம் எப்பிடிப் புடிச்சான்? எல்லாம் நீ பூசுன கட்டைதான். அதை எப்பக் குடுத்த? நான் பிரஸ்ல கெடக்கையில இங்கன வந்துட்டுப் போறானா?

— வாயைக் கழுவுங்க மொதல்ல! நாக்கு அழுகிப் போகும்.

— என் சட்டையை எடு. இப்பவே போயி அவன்கிட்டயே கேக்கேன்.

— போகாதீக. இந்தப் பேச்சு அவரு வீட்டுல முத்துப்பேச்சி மதினி காதுல விழுந்தா அந்தக் குடும்பமே ரெண்டாப் போயிரும். பாவம், புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நமக்காகத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்காக. நில்லுங்க, சொல்றேன். உக்காருங்க.

— நின்னுக்கிட்டே கேக்கேன், சொல்லு.

— செவ்வாக்கெழம மழை பேஞ்சுச்சுல்ல. வெயில் இல்லன்னா குச்சி காயாது, தீப்பெட்டி ஆபீஸ்ல எங்களுக்கு லீவு விட்டுட்டாக. உங்களுக்கு மழையாவது வெயிலாவது, காலண்டர் சீசன், நீங்க வேலைக்குப் போயிட்டீக. மழை விடவும் நானும் மதினியும் துணி தொவைக்கக் கண்மாய்க்குப் போனோம்.

— சீனிச்சாமி எங்கன வந்தான் இதுல?

— அவருக்கும் அன்னிக்கு வெடி லோடு ஏத்துற வேலை கெடையாது. மதினியைக் கூப்பிட அப்புறமாத்தான் சைக்கிள்ல வந்தாரு. அவரு வரையில விரால் கரையில கெடந்து துள்ளிக்கிட்டு இருக்கு.

— என்னது? அப்ப அவன் புடிக்கலையா?

— இல்ல.

— அடி சக்க! அவன் புடிக்கலையா? அதான பாத்தேன்! மொகரையப் பாத்தாலே தெரியலையா? ஊரையே ஏமாத்திக்கிட்டுத் திரியுறான் களவாணிப் பய. இப்பத்தான் நெஞ்சு பாரமே எறங்குது. எடு தட்டை, சோத்தைப் போடு. கொளம்பு என்ன வச்ச? ...இரு இரு. அப்ப அதை எவன்தான் புடிச்சான்?

— எவனும் புடிக்கல. நான்தான் புடிச்சேன்.

— நீயா?

— அடுப்புல போடாம வச்சிருந்த என் கட்டையை உங்க தூண்டில்ல கட்டி எடுத்துட்டுப் போனேன். சும்மா வீசிப் பாப்போமேன்னு தோணுச்சு. தாமரைக்குள்ள விழுந்ததுதான் தெரியும், கையே பிஞ்சு போற மாதிரி ஒரு இழுப்பு. மதினி துணியப் போட்டுட்டு ஓடியாந்து என் இடுப்பைப் புடிச்சுக்கிட்டா. எம்புட்டு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? கல்யாணமாகி வந்ததுலருந்து அப்பிடிச் சிரிச்சதே இல்ல நான். அதைத் தூக்கிக்கிட்டு நேரா உங்ககிட்ட காட்டணும்னுதான் கெளம்புனேன். பாதிக் கரை வந்துட்டேன்.

— அப்புறம் என்ன?

— உங்க மொகத்த நெனச்சுப் பாத்தேன். அப்பிடியே திரும்பிப் போயி மீனையும் கட்டையையும் அண்ணன் கையில குடுத்து, நீங்க புடிச்சதாச் சொல்லிக்கிருங்கண்ணேன்னு கும்புட்டேன்.

— என் மொகத்துக்கு என்ன?

— இந்தா, இப்ப வச்சிருக்கீகள்ல, இதே மொகந்தாங்க.