சிபாரிசு கேட்காத வாசல்

சாலைக் கடைவீதியே சொல் தட்டாத பெருமகனார், இந்த அவையின் தலைவர், பருப்பு வணிகர் நெல்லையப்ப அண்ணாச்சி அவர்களே! போனக்காட்டு மலையிலிருந்து முதல் பேருந்து பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே! கழக்கூட்டத்து அலுவலகங்களில் விடுப்புச் சொல்லி வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் கடைகளுக்கு வரிக்கணக்குப் பார்க்கும் இந்த அனந்தபத்மநாபனின் வணக்கம்.

மாதந்தோறும் என்னைத் திட்டுகிறீர்களே, "கட்டுகிற வரியெல்லாம் எங்கே போகிறது?" என்று! எங்கே போகிறது என்பதை நான் கண்ணால் கண்டேன், ஐயா. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளுபவர் ஜெபமலர். அவர் மகள் ஷிஜாவுக்கு, சென்ற ஆண்டு அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் ஒதுக்கினார்கள். தாய்க்கு நம்பிக்கை வரவில்லை. நேரே அண்ணாச்சி கடைக்கு வந்தார்.

"நமக்கெல்லாம் சும்மா சீட்டு தருவாங்களா அண்ணாச்சி? நீங்க ஒரு வார்த்த சொல்லணும்."

நம் வழக்கம் தெரியாதா உங்களுக்கு? மூட்டை தூக்கும் வேலைக்கும் ஒருவர் சொல்ல வேண்டும். வாடகை வீட்டுக்கும் ஒருவர் சொல்ல வேண்டும். பெண் எடுக்கவும் சொல்ல வேண்டும், கொடுக்கவும் சொல்ல வேண்டும்! அண்ணாச்சி சலவை வேட்டி உடுத்தினார். ஏத்தன் வாழைக்குலை ஒன்றை என் தோளில் ஏற்றினார். முன்வரிசையில் இருந்துகொண்டு சிரிக்காதீர் சுவாமிதாஸ், நல்ல கனம் அது!

கல்லூரி அலுவலகத்தில் அனில் என்றொரு மலையாளி இளைஞர். பழக்குலையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"எந்தா சேட்டா இது? குட்டிக்கு ராங்க் உண்டல்லோ, பின்னெ ஆரு பறயணும்? ஒப்பிட்டா மதி."

ரேங்க் இருக்கும்போது யார் வந்து சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்! அண்ணாச்சி என் காதில், "ஏ, நான் யாருன்னுகூட அந்தத் தம்பி கேக்கலியே டே!" என்றார்.

மெய் சிலிர்த்துப் போனேன், அன்பர்களே! யார் மகள் என்று கேட்கவில்லை. யாரைத் தெரியும் என்று கேட்கவில்லை. கட்டணத்தை அரசே ஏற்றுக்கொண்டது. எப்போதோ, ஏதோ ஓர் அறையில் அமர்ந்து சிலர் எடுத்த முடிவு அது. முன்பின் பாராத ஒரு பெண்பிள்ளைக்காக, அவள் பிறப்பதற்கு முன்பே வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே! என்ன மனம்! என்ன மாண்பு! நாம் முணுமுணுத்துக்கொண்டே கட்டிய வரி, அதோ, அந்த வகுப்பில் பெஞ்சு போட்டு அமர்ந்திருந்தது!

கைதட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

திறந்த வாசல் திறந்தபடியே இருக்குமா? இந்த ஆண்டு விடுதிச் சாப்பாட்டுக்கு அரசு தரும் உதவித்தொகை இன்னும் வந்து சேரவில்லை. மலைக்குத் தினமும் போய்வர முடியாது. இம்மாதக் கடைசிக்குள் வராவிட்டால் ஷிஜா படிப்பை விட்டுவிட்டு மலையேற வேண்டியதுதான். நேற்று அண்ணாச்சியே நேரில் போனார்.

"எம்மா, ஒனக்கு நான் கட்டுதேன். நீ படி."

அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் தெரியுமா?

"வேண்டாம் அண்ணாச்சி. நீங்க கட்டினா நான் மட்டும் படிப்பேன். ஹாஸ்டல்ல என்னப்போல எத்தற பேரு உண்டு! அவங்களுக்கு அண்ணாச்சி இல்லியே."

கேட்டீர்களா? தனக்கு நீட்டிய கையை, தன்னோடு இருப்பவர்களுக்காக விலக்கி வைக்கிறாள்! இந்த நெஞ்சுரத்தின் முன்னால் நான் எம்மாத்திரம், நீங்கள் எம்மாத்திரம்? கருணை நம் விருப்பம். கல்வி அவர்கள் உரிமை! ஒருத்திக்காக அல்ல, ஒருவர் பெயரையும் சொல்லி அல்ல, அத்தனை பிள்ளைகளுக்காகவும் அரசிடம் போய்க் கேட்போம். வரி கட்டுகிற நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது? வருகிறீர்களா?

அண்ணாச்சி எழுந்து நிற்கிறார். என்ன சொல்கிறீர்கள் அண்ணாச்சி? "நாளைக்கு என் கடை தொறக்காது" என்கிறார்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. காலையில் செக்ரட்டேரியட் வாசலில் பார்ப்போம், வணக்கம்!