மடியைத் தட்டிப் பார்க்கச் சொன்ன பக்தி

அவைக்கு அழகு சேர்த்துத் தலைமை வீற்றிருக்கும் சபைக்குரு ஐயரவர்களே! நரையிலும் நிமிர்ந்து நிற்கும் நாரணாபுரத்துப் பெரியோர்களே! கந்தகம் படிந்த கையாலும் கருணையை அள்ளித் தரும் தாய்மார்களே! ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் இளங்காளைகளே! அசனப் பந்தி மணம் மூக்கைத் துளைக்க, என் பேச்சையும் பொறுத்திருக்கும் பொறுமைசாலிகளே! அனைவருக்கும் வணக்கம்.

விருதுநகர் மாரியம்மனுக்குப் பங்குனியில் அக்கினிச்சட்டி எடுக்கிற கை இந்தக் கை. இதைப் பிடித்துக் கிறிஸ்தவக் கோயில் மேடையில் ஏற்றியிருக்கிறீர்கள். எதற்கு? சாட்சி சொல்ல! சொல்கிறேன்.

தேவபக்தி இந்த வாழ்வுக்கும் பயன், வரப்போகிற வாழ்வுக்கும் பயன், இதை நம்பி ஏற்கலாம் என்று ஐயரவர்கள் சற்றுமுன் சொன்னார்கள். மறுமையை நான் பார்த்ததில்லை. இம்மையைப் பார்த்தேன். என் பட்டாசுக் கம்பெனி வாசலிலேயே பார்த்தேன்!

அந்த வாசலில் வழக்கம் என்ன? உள்ளே போகிறவர்களின் மடியைக் காவலாளி தட்டிப் பார்ப்பான். பீடி கூடாது, தீப்பெட்டி கூடாது. எங்கள் காவலாளி ஒச்சப்பன், இளவட்டக்கல்லைத் தோளுக்குமேல் தூக்கி எறிந்த பலசாலி. அவன் ஒருவரை மட்டும் தொடத் தயங்குவான். வெடிமருந்து கலக்கும் சுவிசேஷமுத்து அண்ணாச்சியை! விடியலில் இந்தக் கோயிலைத் திறந்து, விளக்கேற்றி, ஜெபித்துவிட்டு வருகிற மனிதர் அல்லவா? அவரோ சோதனைக்கு நிற்காமல் உள்ளே போகமாட்டார்.

அறுபத்தொன்றாம் வருஷத் தீபாவளி சீசன். லாரி நிற்கிறது, லோடு ஏறவில்லை, வாசலில் கூட்டம்.

"அண்ணாச்சி, நீங்க போங்க. கோயிலுக்குப் போயிட்டு வாறவுகளைத் தடவிப் பாத்தா எனக்குப் பாவம்" என்றான் ஒச்சப்பன்.

அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். "ஜெபம் பண்ணினவனுக்கு மறதி வராதா? தட்டிப் பாருலே."

மேஸ்திரி காசிராஜனுக்குப் பொறுக்கவில்லை. "ஆர்டர் அம்புட்டும் கிடக்கு, இவுக வாசல்ல நின்னு பக்தியைக் காட்டுதாக! இதுனால கால்காசுக்குப் பிரயோசனம் உண்டா?"

ஒச்சப்பன் வேண்டாவெறுப்பாகத் தட்டினான். விழுந்தது ஒரு தீப்பெட்டி! காலையில் விளக்கேற்றியவர் மறதியில் மடியில் செருகிவிட்டார்.

என்னம்மா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள்? நானும் அப்படித்தான் பிடித்துக்கொண்டேன்!

காசிராஜன் சிரித்தான். "பாத்தீகளா, பக்தர் மடியிலேயே நெருப்பு!" சிரித்தவன் பாதியில் நிறுத்தினான். மருந்தறையை ஒட்டிய கொட்டகையில், முன்னமே வந்து திரி செருகிக்கொண்டிருந்தவள் யார்? அவன் மனைவி வெள்ளைத்தாய். பிள்ளைத்தாய்ச்சி! ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, அவ உள்ள இருக்கா" என்றான்.

சபையோரே! அன்று எங்களைக் காத்தது எது? ஒச்சப்பனின் உடற்பலமா? அது மரியாதைக்கு விலகி நின்றது! என் செல்வமா? அது லாரியைப் பார்த்துக்கொண்டு நின்றது! காத்தது பக்தி. எந்தப் பக்தி? "நான் நல்லவன், என்னை விடு" என்கிற பக்தியா? இல்லை! "நானும் தவறுவேன், என்னைச் சோதி" என்று கைதூக்கி நின்ற பக்தி! ஊருக்கெல்லாம் சோதனை வைத்துவிட்டுத் தனக்கு மட்டும் விலக்குக் கேட்கிற போதனையை நம்பாதீர்கள். தன்னையே தட்டிப் பார்க்கச் சொல்கிற போதனையை நம்பலாம், நம்பலாம், நூறு தரம் நம்பலாம்!

அன்றுமுதல் எங்கள் வாசலில் முதல் மடி என் மடி. "மொதலாளி, கையைத் தூக்குங்க" என்கிறான் ஒச்சப்பன். தூக்குகிறேன்.

யாரப்பா அது, அண்ணாச்சியைக் காட்டச் சொல்வது? அதோ, பந்தல்காலுக்குப் பின்னால் ஒளிகிறார்! பக்கத்தில் நிற்பவன் காசிராஜன். அவன் தோளில் உட்கார்ந்து, நீங்கள் தட்டுவதைப் பார்த்துத் தானும் கைதட்டுகிறதே ஒரு பெண்குழந்தை, அதுதான் நான் கொண்டுவந்த சாட்சி. மறுமைக்கு நீங்கள் பொறுப்பு, ஐயரவர்களே. இம்மைக்கு அந்தப் பிள்ளை போதும்!

பொறுத்திருந்து கேட்டதற்கு நன்றி. சோறு ஆறுவதற்குள் பந்திக்குப் போவோம். உங்கள் வழக்கப்படி தோத்திரம், என் வழக்கப்படி வணக்கம்!